பொறிக்கு நாம் புகட்டும் பிழைகள்

எமது கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்தினர் இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமெனக் கேட்டபொழுது, பழைய ஆசிரியர்களைப் பற்றியோ அக்கால விளையாட்டுப் போட்டிகளைப் பற்றியோ எழுதுவோம் என்றே முதலில் எண்ணினோம். அவற்றை எழுதுவதற்கு எம்மினும் தக்கார் பலர் உளர். அன்றியும், இம்மலரின் முந்திய இதழ்களையே பொருளாகக் கொண்ட ஒரு முயற்சியில் நாம் சென்ற சில மாதங்களாக ஈடுபட்டிருந்தமையால், அதிற் கண்டதையும் அதனாற் கொண்ட கருத்தையும் கூறுதலே பொருத்தமெனத் தோன்றிற்று. எமது கருத்தோடு உடன்படாதாரும் இருப்பர். அவர்தம் மறுப்பை அடுத்த மலரிற் காண விரும்புகின்றோம்.

முயற்சி யாதெனிற் கூறுவாம். கல்லூரி வெளியிட்ட பழைய மலர்களின் பக்கங்களை ஒளிப்படமாக்கி, அப்படங்களிலுள்ள எழுத்துக்களைக் கணினியே வாசிக்குமாறு பழக்குதல். படமாக மாத்திரம் இருக்கும் மலரில் ஒருவர் தம் தந்தையாரின் பெயரைத் தேட வேண்டுமாயின் பக்கம் பக்கமாகப் புரட்டியே ஆதல் வேண்டும். எழுத்தாக மாறிவிட்டாலோ, பெயரைத் தட்டிய மாத்திரத்தே பக்கம் முன்னே வந்து நிற்கும். 1981 ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. இத்தகைய அழிவுகளுக்குப் பின்னர், வீட்டுப் பெட்டகங்களிற் கிடந்து தப்பிய ஒற்றைப் பிரதிகளின் அருமை எமக்குப் புலனாயிற்று. 2005 இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பாடசாலை மலர்களையும் படமாக்கிக் காத்து வருகின்றது. அப்படங்களை எழுத்தாக்கும் பணியில் எம்மாலான ஒரு சிறு பங்கைச் செய்யலாமென்றே சில மாணவரோடு மாலை வேளைகளிற் கூடினோம்.

கணினிக்கு எழுத்தறிவிக்கும் முறை, ஏடு தொடக்கி வைக்கும் முறையினின்றும் பெரிதும் வேறுபட்டதன்று. ஆயிரக்கணக்கான எழுத்துப் படங்களை அதன் முன் வைத்து, ‘இது க’, ‘இது ங’ என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் கூறுகின்றோம். இவ்வாறு படத்தோடு ஒட்டிய பெயரை, இரசாயன ஆய்வுகூடத்துப் போத்தல்களில் ஒட்டியிருக்கும் பெயர்ச்சுட்டியை நினைந்து, நாமும் சுட்டி என்றே வழங்குவோம். படங்களையும் சுட்டிகளையும் பலமுறை ஒப்புநோக்கி, இன்ன வடிவம் இன்ன எழுத்தென்று வகைப்படுத்தப் பொறி பழகிக்கொள்கின்றது. பின்னர் அது காணாத படங்களைக் காட்டிச் சோதிக்கின்றோம். இதனையே இயந்திரக் கற்றல் என்பர். போத்தலில் உப்பமிலம் இருக்க, ஒட்டியதோ கந்தக அமிலத்தின் சுட்டியாயின் மாணவனுக்கு என்ன நேருமோ, அதுவே இங்கும் நேரும். பொறி கேள்வி கேளாது. கற்பித்ததை அப்படியே கற்கும்.

எமக்கு நேர்ந்த முதற் பிழையைச் சற்று விரித்துரைத்தல் தகும், நாணத்தக்கதாயினும் பயனுடையது. முதற்கட்டமாக அகரமேறிய 18 உயிர்மெய்களை மாத்திரம் எடுத்துக்கொண்டோம். மாணவர் எழுத்துப் படங்களை வெட்டி, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒவ்வோர் உறையாக இட்டனர். நாம் சிறுவயதில் மனனஞ்செய்த நெடுங்கணக்கின்படி க முதல் ன ஈறாக இலக்கமிட்ட பெயர்ப்பட்டியலொன்றைக் கொடுத்தோம். முதலாவது உறைக்கு முதலாவது பெயர், இரண்டாவது உறைக்கு இரண்டாவது பெயர் என்று கணினி பொருத்திக்கொண்டது. பொறி விரைவிற் கற்றது. சோதனையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற் புள்ளி பெற்றது. நாம் தேநீர் அருந்தி மகிழ்ந்தோம்.

மறுநாள் மாணவனொருவன் ‘பல’ என்னும் சொல்லைப் பக்கமொன்றிலிருந்து வெட்டி அதன் முன் வைத்தான். பொறி அதனை ‘மழ’ என்று வாசித்தது. ‘நட’ என்பதை வைத்தபோது ‘நட’ என்றே பிழையின்றி வாசித்தது. மீண்டும் ‘பல’, மீண்டும் ‘மழ’. தடுமாற்றம் சிறிதுமில்லை. பிழையை இத்துணை உறுதியோடு கூறும் பொறியைக் கண்டு முதலிற் சிரித்தோம், பின்னர் அஞ்சினோம்.

காரணம் கண்டறிய இரண்டு மாலைகள் சென்றன. கணினிகள் எழுத்துக்களைச் சேமிக்கும் ஒருங்குறி என்னும் ஒழுங்கு, இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவானதொரு வரிசையைத் தழுவியது. அவ்வரிசையில் ந என்பதை அடுத்து ன நிற்கும். ர என்பதை அடுத்து ற நிற்கும். ல, ள, ழ, வ என்று முடியும். எமது நெடுங்கணக்கோ ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று முடிவது. உறைகளைக் கணினி தன் வரிசைப்படி அடுக்கியது. பெயர்களை நாம் எம் வரிசைப்படி அடுக்கினோம். முதல் எட்டு எழுத்துக்களும் இரு வரிசையிலும் ஒன்றே. ஒன்பதாவதிலிருந்து பிறழ்ந்தது. ன என்னும் படத்துக்கு ‘ப’ என்றும், ப என்னும் படத்துக்கு ‘ம’ என்றும், ல என்பதற்கு ‘ழ’ என்றும் சுட்டி ஒட்டியிருந்தோம். பதினாறாம் இடத்தில் இரு வரிசையிலும் ள நிற்பதால் அது மாத்திரம் தற்செயலாகத் தப்பியது. பதினெட்டில் ஒன்பது சரி, ஒன்பது பிழை.

அவ்வாறாயின் சோதனையில் அத்துணைப் புள்ளி பெற்றது எங்ஙனம்? சோதனைப் படங்களுக்கும் அதே பட்டியலின்படியே சுட்டி ஒட்டியிருந்தோம். ஆசிரியர் பிழையாகக் கற்பித்தார். பரீட்சகர் அதே பிழையைச் சரியென்று திருத்தினார். மாணவன் விசேட சித்தியடைந்தான். வெளியேயிருந்து ஒருவன் வந்து ‘பல’ என்னும் சொல்லைக் காட்டியிராவிட்டால், இம்மலரின் பழைய பக்கங்கள் முழுவதும் ‘மழ’ என்றே நிலைபெற்றிருக்கும். புள்ளியிடும் திட்டத்திலேயே விடை பிழைத்திருக்கும் பல்தேர்வு வினாவொன்றில், சரியாக விடையளித்த கெட்டிக்காரன் புள்ளியிழப்பதையும், பிழையை மனனஞ்செய்தவன் புள்ளி பெறுவதையும் பரீட்சை மண்டபத்திற் கடமையாற்றிய ஆசிரியர் அறிவர். பொறி பிழைவிடும்போது பொறியை மாற்றுவதும் மேலும் பெரிய பொறியைத் தேடுவதும் இன்றைய வழக்கமாகிவிட்டது. அதற்குமுன் சோதனைத்தாளை எடுத்துக் கண்ணாற் பார்த்தல் வேண்டும் என்பதே எமது முதற் கருத்து. உறைக்கு இருபது படமாக எடுத்துச் சுட்டியோடு ஒப்பிட்டிருந்தால் எமது பிழை கால் மணி நேரத்தில் வெளிப்பட்டிருக்கும்.

இது எம்போன்ற கற்றுக்குட்டிகளுக்கு மாத்திரம் நேர்வதன்று. உலகெங்கும் ஆராய்ச்சியாளர் தம் பொறிகளின் திறனை அளக்கும் உரைகல்லாகக் கொண்ட பத்துத் தரவுத் தொகுதிகளை, நோர்த்கற், அதல்யே, மியுலர் என்னும் மூவர் 2021 இல் ஆராய்ந்து வெளியிட்டனர். அவற்றின் சோதனைப் பகுதிகளிலே சராசரியாக நூற்றுக்கு மூன்றுக்கு மேற்பட்ட சுட்டிகள் பிழை என்பது அவர் கண்ட முடிபு. இமேஜ்நெற் என்னும் புகழ்பெற்ற படத்தொகுதியின் 50,000 சோதனைப் படங்களில் நூற்றுக்கு ஆறளவு பிழை. கையெழுத்து இலக்கங்களைக் கொண்ட எம்நிஸ்ற் என்னும் சிறு தொகுதியிற்கூட 10,000 சோதனைப் படங்களில் 15 பிழைச்சுட்டிகள் அகப்பட்டன. அவர் கண்ட மற்றொன்று எமக்கு இன்னும் வியப்பளிக்கின்றது. சுட்டிகளைத் திருத்தியபின் அளந்தால், பிழை மலிந்த தொகுதிகளிலே சிறிய பொறி பெரிய பொறியை வெல்லக்கூடும். பெரிய பொறி ஆசிரியரின் பிழையையும் சேர்த்து நன்றாகக் கற்றுக்கொள்வதே அதற்குக் காரணம் போலும். மனனசக்தி மிக்க மாணவரிடத்தும் இவ்வியல்பைக் கண்டதுண்டு.

பட்டியலைத் திருத்திப் பொறியை மீண்டும் பழக்கி, ஏனைய எழுத்துக்களையும் சேர்த்தோம். இப்பொழுது எஞ்சியவை ஒன்றிரண்டாகச் சிதறிக் கிடக்கும் பிழைகள். ஆயிரக்கணக்கான படங்களை முதலிலிருந்து பார்க்க எவருக்கும் பொழுதில்லை. அதற்கொரு வழியுண்டு. படங்களை ஐந்து கட்டாகப் பிரித்து, நான்கு கட்டைக் கற்பித்து, ஐந்தாவதை வாசிக்க விடுதல். இவ்வாறே ஒவ்வொரு கட்டையும் முறைமாறி விலக்கி வைத்து வாசிப்பித்தல். ஒட்டியிருக்கும் சுட்டி ஒன்றாகவும், பொறி மிக்க உறுதியோடு கூறுவது வேறொன்றாகவும் இருக்கும் படங்களை மாத்திரம் பொறுக்கியெடுத்தால், பார்க்க வேண்டியவை சிலவாகக் குறையும். மேற்கூறிய மூவரும் பிழைகளைத் தேடியது ஏறத்தாழ இவ்வழியாலேயே. அவர் அதனோடு நிறுத்தாது, பொறி ஐயுற்ற படங்களை மனிதர் கண்ணுக்கும் காட்டியே முடிவு செய்தனர் என்பதை மறத்தலாகாது.

எமது ஐயப்பட்டியலில் வந்தவற்றைப் பார்த்தபோது, எல்லாம் ஒரு சாதியன்று என்பது விளங்கிற்று. சில வெறும் கைத்தவறு. மாணவன் களைத்திருந்த மாலையில் ண என்பதற்கு ன என்று தட்டியிருந்தான். சில வெட்டிய பிழை. அடுத்த எழுத்தின் ஒற்றைக்கொம்பு இவ்வெழுத்தோடு சேர்ந்து வெட்டுண்டிருந்தது. இவற்றைத் திருத்துதல் எளிது. தமிழிலக்கங்களாற் பக்க எண் இட்ட மலரொன்றில் ௧ என்பது க என்றும், ௨ என்பது உ என்றும், ௭ என்பது எ என்றும், ௮ என்பது அ என்றும் சுட்டி பெற்றிருந்தன. அவற்றை ஒட்டிய மாணவர் தமிழிலக்கம் கற்றவரல்லர், குற்றம் அவர்மேலதன்று.

இன்னுஞ் சிலவற்றில் பிழை சுட்டியினதா விதியினதா என்றே துணிய முடியவில்லை. தேய்ந்த ஈய அச்சில் ர என்பதன் கீழ்ச்சாய்வு மறைந்து கால் போலவே நிற்கும். ஓலைச்சுவடிகளில் இரண்டும் ஒரே வடிவாயிருந்ததையும், மெய்களுக்குப் புள்ளியிடாது எழுதியதையும், எகர ஏகாரங்களை வேறுபடுத்தாததையும் சுவடி பார்த்தோர் அறிவர். தனியே வெட்டிய படத்தைப் பார்த்து இது ரவோ காலோ என்று கூற வல்லார் எவருமில்லை. முழுச்சொல்லையும் பார்த்தால் ‘காரணம்’ என்பதில் எது எதுவென்று குழந்தையும் கூறும். ஔவை என்பதை ஔ என்னும் ஓரெழுத்தாற் சிலரும், ஒ, ள என்னும் ஈரெழுத்தாற் சிலரும் தட்டியிருந்தனர். முன்னரே விதியொன்று வகுத்திருந்தால் இக்குழப்பம் நேர்ந்திராது. தமிழெழுத்து 247 என்பது எமது பாடம், எச்.பி. நிறுவனத்தின் இந்திய ஆய்வுகூடத்தார் தொகுத்து, 2006 இல் நடந்த கையெழுத்தறியும் போட்டிக்குப் பயன்பட்ட தொகுதியிலோ வகைகள் 156. கொம்பும் காலும் தனியே பிரியும் எழுத்துக்களைப் பிரித்தே எண்ணியதால் அத்தொகை வந்தது. இரண்டும் சரியே. எதனைக் கொள்வதென்று வேலை தொடங்குமுன் எழுதி வைத்தலே முறை.

இருவர் ஒருவரையொருவர் பாராது சுட்டி ஒட்டி, பின்னர் ஒப்பிட்டால் விதியின் தெளிவு அளவிடப்படும். இங்கும் கணக்கு ஏமாற்றும். நூறு படங்களில் 95 ரவும் ஐந்து காலும் இருக்குமாயின், கண்ணை மூடிக்கொண்டு எல்லாம் ர என்று எழுதுபவனும் 95 புள்ளி பெறுவான். இவ்வாறு தற்செயலாய் நேரும் உடன்பாட்டைக் கழித்து மெய்யான உடன்பாட்டை அளக்க, 1960 இல் கோகென் என்னும் உளவியலறிஞர் கப்பா என்னும் அளவையை வகுத்தார். எமது மேல்வகுப்புக் கணித மாணவர் அரைமணியில் அதனைக் கற்றுக்கொண்டனர்.

இனி, எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருவோம். ஐயப்பட்டியலில் பெருந்தொகையாக வந்து நின்றவை லை, ளை, ணை, னை என்பவற்றின் பழைய வடிவங்கள். யானை துதிக்கையைத் தூக்கி நிற்பது போன்ற அந்த எழுத்துக்களை முதிய வாசகர் மறந்திரார். ணா, றா, னா முதலியவற்றின் பழைய சுழிகளும் அவற்றோடு வந்தன. தமிழ்நாட்டரசு 1978 இல் இத்தகைய 13 எழுத்துக்களின் வடிவை மாற்றியது. எமது அச்சகங்களிற் பழையவை அதற்குப் பின்னும் சிலகாலம் வழங்கின. ஒருங்குறியில் பழைய லைக்கும் புதிய லைக்கும் பெயர் ஒன்றே. புதிய வடிவங்களையே பெரும்பான்மையாகக் கற்ற பொறி, பழையதைக் கண்டவுடன் ‘இது லை அன்று’ என்று உறுதியாகக் கூறியது. சுட்டி சரி, பொறியே பிழை.

அவ்வேளையில் எம்மோடிருந்த இளைஞரொருவர், கணினியில் எம்மினும் பன்மடங்கு வல்லவர், ஐயப்பட்டியல் முழுவதையும் நீக்கிவிடலாம் என்றார். நீக்கினால் மீதியுள்ளவற்றில் பொறியின் புள்ளி உயரும், வேலையும் குறையும் என்பது அவர் வாதம். அவர் கூறியது பொய்யன்று. புள்ளி உயர்ந்தே இருக்கும். நாம் மறுத்தோம். அரியதும் பிழையும் பொறியின் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். பெரும்பான்மையோடு ஒவ்வாததையெல்லாம் பிழையென்று கழித்தால், எந்தப் பழைய மலரை வாசிப்பதற்காகப் பொறியைப் பழக்கினோமோ, அந்த மலரின் எழுத்தையே அது அறியாதொழியும். பின்னர் அதன் புள்ளி நூற்றுக்கு நூறாயினும் எமக்கென்ன?

எழுத்து வடிவத்தோடு இது நிற்பதன்று. நாம் பெற்றோல் என்றும் றோட்டு என்றும் ரொறன்ரோ என்றும் எழுதுவது வழக்கு. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளைக் கொண்டு சொற்பிழை காணப் பழக்கிய பொறிக்கு அவையாவும் பிழை. நாம் ‘ஓம்’ என்று உடன்படுவதைக் கடவுள் வணக்கமென்று சுட்டி ஒட்டுபவர் சென்னையிலோ சேலத்திலோ இருப்பாராயின் அவரை நோவதெப்படி? மேற்கூறிய கையெழுத்துத் தொகுதிக்கு எழுதிக் கொடுத்தோர் பெங்களூரையும் சேலத்தையும் சேர்ந்தோர். எமது கையெழுத்தும் எமது சொல்லும் எமது பேச்சும் பொறிக்குச் சரியாகக் கற்பிக்கப்படல் வேண்டுமாயின் சுட்டி ஒட்டுவோர் எம்மவராதல் வேண்டும். இதில் வெறுப்போ பெருமிதமோ இல்லை. ஊர்ப்பெயரை ஊரவனிடம் கேட்பது போன்றதே இது.

திருத்துவது எவ்வாறு என்பதற்கும் வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இல் கலித்தொகையையும் பதிப்பித்தவர். சுவடிகள் செல்லரித்துச் சிதைந்த நிலையைத் தம் பதிப்புரைகளிலே வருந்தி உரைத்தவர். சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியன், பல ஏடுகள் ஒரு பாடத்தையும் ஓர் ஏடு வேறொரு பாடத்தையும் தருமிடத்து, அவ்வோர் ஏட்டைக் கிழித்தெறிவதில்லை. ஒன்றை மூலத்திற் கொண்டு மற்றதைப் பாடபேதமாகக் குறிப்பான். பல ஏடுகளும் ஒரே பிழையான தாய் ஏட்டைப் பார்த்து எழுதியவையாயிருக்கலாம் என்பதும் அவனறிவான். ஆகவே நாமும் பழைய சுட்டியை அழிக்காது, அதன் பக்கத்தே புதிய சுட்டியையும், மாற்றியவர் யார், எந்நாள், எக்காரணம் என்பவற்றையும் எழுதும் வழக்கத்தை மேற்கொண்டோம். முன் ஒட்டிய சுட்டியையும் பொறியின் விடையையும் மறைத்துவிட்டு, சொல் முழுவதையும் காட்டி, இருவர் தனித்தனியே பார்ப்பர். மாறுபட்டால் மூன்றாமவர், பெரும்பாலும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், தீர்ப்பார். அவராலும் தீராதவற்றுக்கு ‘ஐயம்’ என்றே ஒரு சுட்டி உண்டு. ஐயத்துக்குரியவற்றைச் சோதனைத்தாளிற் சேர்ப்பதில்லை, தொகுதியிலிருந்து நீக்குவதுமில்லை.

மாணவரை இதில் ஈடுபடுத்துவது பற்றியும் ஒரு சொல். இமேஜ்நெற் தொகுதிக்குச் சுட்டி ஒட்டியோர் இணையத்தின் வழியே சிறு கூலி பெற்ற பல்லாயிரவர். எமது மாணவருக்குக் கூலியுமில்லை. க.பொ.த. பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளையை ஒரு மாலை முழுதும் ணகர னகரம் பார்க்க வைத்தல் தருமமன்று; களைத்த கண் மேலும் பிழையையே ஒட்டும் என்பதை எமது பட்டியலே காட்டிற்று. வாரத்தில் ஒரு மணி நேரம், அதற்கு மேலில்லை என்று வரையறுத்தோம். மீதியைச் செய்ய வேண்டியவர் பழைய மாணவராகிய நாமே. கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்துகொண்டு கல்லூரிக்கு என் செய்யலாமென்று வினவும் அன்பர்கள் பலர் காசோலையையே நினைக்கின்றனர். ஈய அச்சில் வந்த மலரை வாசித்து வளர்ந்த கண்கள் அவரிடத்தே உள்ளன. அக்கண்களை வாரமொரு மணி நேரம் இரவலாகக் கேட்கின்றோம்.

இப்பொழுது எம்மிடம் ‘ஐயம்’ என்னும் சுட்டியோடு இருப்பவற்றுட் பெரும்பகுதி ஒரே மலரைச் சேர்ந்தவை. அதன் நடுப்பக்கங்கள் நீர்பட்டு மை பரந்துள்ளன. மாணவர் மன்றத்து உறுப்பினர் பெயர்கள் அப்பக்கங்களிலேயே உள்ளன. பெயர்களாதலின் சொல்லைக் கொண்டு எழுத்தை ஊகிக்கவும் வழியில்லை. ர என்று கொண்டால் ஒருவர், கால் என்று கொண்டால் வேறொருவர். கல்லூரி நூலகத்தில் அம்மலருக்கு வேறு பிரதி இல்லை. முன்னட்டையும் பின்னட்டையும் போய்விட்டமையால் ஆண்டையும் துணிய முடியவில்லை. பழைய மலர்களை வீட்டில் வைத்திருப்போர் எப்பிரதியையும் அனுப்ப வேண்டியதில்லை. மாணவர் மன்றப் பட்டியல் உள்ள பக்கத்தை மாத்திரம் ஒளிப்படமெடுத்துக் கல்லூரி நூலகருக்கு அனுப்பி வைத்தாற் போதும்.